ஆறு ஏக்கருக்கு எத்தனை குதிரைவலு?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வவுனியாவை அடுத்த ஓமந்தைப் பக்கம் தாத்தாவின் காணி அவர் கைக்கு வந்திருக்கிறது. நான்கு ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. ஊரில் இருக்கும் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு போகமும் வாடகை உழவு இயந்திரத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு. லீசிங்கும் பேசி வைத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரே கேள்வி: 45 குதிரைவலு போதுமா, 50க்குப் போக வேண்டுமா?

தம்பி, பஞ்சிகாவத்தையில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். 45க்கும் 50க்கும் இடையில் உங்கள் காணிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டுமே பெரிது. ஏன் பெரிது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். கணக்கில் சந்தேகம் வந்தால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மணித்தியாலத்துக்கு எவ்வளவு நிலம் உழலாம் என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. கருவியின் அகலத்தை மீற்றரிலும் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்றும் எடுத்துப் பெருக்கி, பத்தால் வகுத்தால் ஹெக்டேயர் வரும். திரும்புகிற நேரம், மூலையில் பின்னுக்கு எடுக்கிற நேரம், வெற்றிலை போடுகிற நேரம் எல்லாவற்றுக்குமாக அதில் முப்பது வீதத்தைக் கழித்துவிடுங்கள். 5 அடி, அதாவது 1.5 மீற்றர் அகலமான சுழல் கலப்பையை (கத்திகள் சுழன்று மண்ணைத் தூளாக்குகிற கருவி) மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால் 0.6, கழிவு போக 0.42 ஹெக்டேயர். ஓர் ஏக்கருக்குச் சற்றுக் கூட. ஆக, 45 குதிரைவலு இயந்திரம் ஒரு மணித்தியாலத்தில் ஓர் ஏக்கரை ஒரு தடவை அடித்துவிடும்.

நான்கு ஏக்கர் வயலை மூன்று தடவை அடித்தால் 12 மணித்தியாலம். காலபோகம், சிறுபோகம் இரண்டும் செய்ய முடிந்த வருடத்தில் 24. மேட்டுக்காணிக்கு ஓர் ஏழெட்டு. பசளை, நெல்மூட்டை ஏற்றி இறக்கக் கொஞ்சம். எப்படி இழுத்துப் பார்த்தாலும் வருடத்துக்கு 50 மணித்தியாலத்தைத் தாண்டாது. நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்குச் செலவுக் கணக்குப் போடுகிறவர்கள் வருடத்துக்கு 1,000 மணித்தியாலம், ஆயுள் 10 வருடம் என்று வைப்பது வழக்கம். உங்கள் ஓட்டத்தில் அந்தப் பத்தாயிரம் மணித்தியாலத்தை முடிக்க 200 வருடம் வேண்டும். லீசிங் நிறுவனம் ஐந்து வருடத்துக்கு மேல் பொறுக்காது.

ஓடாத இயந்திரம் தேயாமல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். என் கடைக்கு வந்த உதிரிப்பாகத் தேடல்களில் பாதி, ஓடித் தேய்ந்ததால் வந்தவை அல்ல. நின்று கெட்டதால் வந்தவை. டீசல் தாங்கியில் தண்ணீர் சேர்ந்து பம்ப் துருப்பிடிக்கும். மின்கலம் இறந்துவிடும். எலி வயரைக் கடிக்கும். கொட்டிலுக்கு வெளியே நின்றால் வன்னி வெயிலுக்கு டயரின் பக்கச்சுவர் வெடிக்கும். பிறகு முதல் மழைக்கு எல்லோரும் வயலில் இறங்கும் அன்றுதான் அது உயிர்ப்பிக்க மறுக்கும்.

ஆனால் உங்கள் மனக்குறை நியாயமானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு 'வாடகைக்கே எடுங்கள்' என்று சொல்கிற ஆலோசனை, கமம் செய்யாதவர்கள் தருவது. புரட்டாதி, ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் உழவு வேண்டும். வாடகைக்காரர் முதலில் இருபது ஏக்கர்க்காரனிடம்தான் போவார். நான்கு ஏக்கர்க்காரன் கடைசி. அதற்குள் ஈரம் மேலே ஏறி நிலம் தாங்காமல் போகும், இல்லையென்றால் காய்ந்து இறுகிப்போகும். விதைப்பு இரண்டு வாரம் பிந்தினால் கடைசித் தண்ணீருக்குப் பயிர் ஏங்கும். ஆகவே சொந்த இயந்திரத்தால் நீங்கள் வாங்குவது வலு அல்ல, நாள். அந்த நாளை எவ்வளவு மலிவாக வாங்கலாம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இங்கேதான் லாண்ட்மாஸ்டர் வருகிறது. இரண்டு சக்கர உழவு இயந்திரம் எதுவானாலும் நம் ஆட்களுக்கு லாண்ட்மாஸ்டர்தான். குபோட்டா வாங்கி வந்தாலும் 'குபோட்டா லாண்ட்மாஸ்டர்' என்பார்கள். லாண்ட்மாஸ்டர் என்பது ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் பெயர். அந்த இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் நம் நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன. 1924இல் பிறந்து 2010இல் மறைந்தவர். வேடிக்கை என்னவென்றால், உழவு இயந்திரம் செய்த அதே மனிதர் பிற்காலத்தில் மண்ணைக் கிளறுவதையே குறைக்க வேண்டும் என்று பேசியும் செய்தும் வந்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. உங்கள் மேட்டுக்காணியை மூன்று தடவை தூளாக்க வேண்டிய தேவை இருக்கிறதா என்று சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

லாண்ட்மாஸ்டரின் கணக்கு இது. இயந்திரம் 10 முதல் 14 குதிரைவலு வரை. சுழல் கலப்பை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலம், வேகம் மணிக்கு 3 கிலோமீற்றர். அதே கணக்கைப் போட்டால் ஓர் ஏக்கரை ஒரு தடவை அடிக்க மூன்றேகால் மணித்தியாலம். நான்கு ஏக்கர், மூன்று தடவை: சுமார் 40 மணித்தியாலம். நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓட்டினால் ஒரு கிழமையில் முடிகிறது. பெரிய இயந்திரம் இரண்டு நாளில் முடிக்கும் வேலைதான். ஆனால் அந்த இரண்டு நாள் எப்போது வரும் என்பது வாடகைக்காரர் கையில். இந்த ஏழு நாள் உங்கள் கையில்.

டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். மணித்தியாலக் கணக்கில் சின்னது குறைவாகக் குடிக்கும், உண்மை. ஆனால் அது மூன்று மடங்குக்கு மேல் நேரம் ஓடுகிறதே. ஏக்கர் கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் கான்களோடு நின்ற காலத்தில் இரண்டு வகைக்காரர்களும் ஒன்றாகத்தான் வாடினார்கள்.

லாண்ட்மாஸ்டரின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது. கைபிடிக்கிறவனின் காலிலும் முதுகிலும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். அதை 60 சென்ரிமீற்றர் பட்டையாக நடந்து முடித்தால் கிட்டத்தட்ட 6.7 கிலோமீற்றர். மூன்று தடவைக்கு 20. நான்கு ஏக்கருக்கு 80 கிலோமீற்றர், அதுவும் முழங்கால் சேற்றில், அதிர்கிற கைபிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரம்பிலும் முழு இயந்திரத்தையும் தூக்கித் திருப்பிக்கொண்டு. கொழும்பிலிருந்து புறப்பட்டு அவிசாவளையையும் தாண்டிச் சேற்றில் நடப்பதற்குச் சமம். சித்தப்பாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஐம்பத்தைந்து தாண்டியிருந்தால் இந்தப் பந்தியைத் திரும்பவும் வாசியுங்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வவுனியாப் பக்கத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல். ஆடியில் அதன்மேல் லாண்ட்மாஸ்டரை ஏற்றினால் கத்தி நிலத்தைக் கடிக்காமல் துள்ளும், இயந்திரம் முன்னுக்கு ஓடப் பார்க்கும், பிடித்திருப்பவர் இழுபடுவார். அந்த முதல் உழவுக்குப் பாரமான இயந்திரமும் கொழுக் கலப்பையும் வேண்டும். அதற்கு வாடகைதான் சரி, ஏனென்றால் அந்த வேலைக்கு அவசரம் கிடையாது. மழைக்கு முன்பு ஊரில் பெரிய இயந்திரங்கள் சும்மா நிற்கும் நாட்களில், பேரம் பேசி, ஒரே நாளில் நான்கு ஏக்கரையும் கீறிப் போட்டுவிடலாம். நேரம் நெருக்குகிற பின் உழவையும் நிலத்தை மட்டமாக்குகிற பலகை அடிப்பையும் சொந்தமாகச் செய்யுங்கள். பெரியதை வாடகைக்கு எடுத்து, சின்னதைச் சொந்தமாக வைத்திருப்பது: நான் பார்த்த நாலைந்து ஏக்கர்க்காரர்களில் கடன் இல்லாமல் தூங்குகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மன்னார்ப் பக்கத்து முருங்கன் களிமண் இன்னொரு ரகம். நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே மண் உருண்டையாகிவிடும். அங்கே நாலு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு நான் இதே பதிலைச் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டமென்றால், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் துண்டு துண்டாக வேலி போட்ட நிலம். அங்கே பெரிய இயந்திரம் படலைக்குள்ளேயே நுழையாது.

எடை விஷயத்தில் ஆட்கள் செய்கிற பிழைக்கு இரண்டு முகம் உண்டு. உழுத நிலத்தில் ஓர் இயந்திரம் தன் எடையில் பாதியை இழுத்தாலே பெரிய காரியம். குதிரைவலு எவ்வளவு இருந்தாலும் எடை போதாவிட்டால் சக்கரம் வழுக்கிச் சுழலும். அதனால் பாரம் நல்லது என்று தோன்றும். வயலில் அது எதிரி. நெல் வயலில் ஒரு சாண் ஆழத்தில், பல வருட உழவால் இறுகிய படை ஒன்று இருக்கும். தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். இரண்டு தொன்னுக்குக் கிட்டிய இயந்திரம் நன்றாக ஊறிய வயலில் இறங்கி ஒரே இடத்தில் இரண்டு தரம் வழுக்கினால் அந்தப் படை உடையும். பிறகு அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது, அடுத்த போகம் அதே குழியில் மறுபடியும் புதையும்.

இதைப் பார்க்க வன்னிக்கே போக வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து பாதுக்கைப் பக்கம் போனால் தாழ்ந்த ஓடை வயல்கள் இருக்கின்றன. சில இடங்களில் சேறு இடுப்பு வரை. என் வாடிக்கையாளர் ஒருவர் அங்கே குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கருக்காக 47 குதிரைவலு இயந்திரம் ஒன்றை இறக்கினார். பின் அச்சு வரை தாழ்ந்தது. இழுக்க வந்த இரண்டாவது இயந்திரமும் வரம்போரத்தில் தாழ்ந்தது. கடைசியில் தென்னங்குற்றிகளை அடுக்கி, செயின் புளொக் பூட்டி இரண்டையும் எடுத்தார்கள். அவர் பிறகு என்னிடம் வந்து வாங்கியது பின் அச்சுக்கான ஒயில் சீல். சேறு உள்ளே போயிருந்தது.

குதிரைவலு என்ற எண்ணே ஒரு மாதிரியானது. முகப்பில் ஒட்டியிருக்கும் எண் எஞ்சினுடையது. பின்பக்கச் சுழல் தண்டுக்கு, அதுதான் பி.ரி.ஓ. என்பது, அதில் 85 முதல் 90 வீதம்தான் வந்து சேரும். மண்ணில் இழுக்கிற வலு இன்னும் குறைவு; இளகிய நிலத்தில் பாதியளவுக்கு இறங்கிவிடும். சுழல் கலப்பை பி.ரி.ஓ.வில் ஓடுவது, கொழுக் கலப்பை இழுவையில் ஓடுவது. ஆகவே விற்பனையாளரிடம் 'எத்தனை குதிரைவலு?' என்று கேட்காமல் 'பி.ரி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் எத்தனை குதிரைவலு?' என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் கடையில்தான் மேற்கொண்டு பேச வேண்டும். சுழல் கலப்பைக்கு அடிக்கு ஏழெட்டுக் குதிரைவலு என்று வைத்தால் 4 அடிக்கு முப்பது அளவில், 5 அடிக்கு நாற்பது வரை.

50 இல்லாமல் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் ஃபெர்குசனின் கதையைச் சொல்வதுண்டு. ஹரி ஃபெர்குசன் மூன்று முனை இணைப்பை உருவாக்கினார். இன்றைக்கு ஏறத்தாழ எல்லா நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னாலும் இருக்கிற அந்த மூன்று கைகள். கலப்பையின் இழுவையே பின் சக்கரத்தை நிலத்தில் அழுத்தும்படி செய்தது அதன் சூட்சுமம். பாரம் குறைந்த இயந்திரமும் நன்றாக இழுத்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான அவருடைய டி.ஈ.20 வகை 30 குதிரைவலுவுக்கும் குறைவு. 5 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உங்கள் ஆறு ஏக்கரைவிடப் பல மடங்கு பெரிய பண்ணைகளை அது உழுதது.

இனி என் கையால் நானே செய்த பிழை. மச்சானுக்கு நெடுங்கேணிப் பக்கம் வயல். நான்தானே துறைக்காரன், எல்லோரும் என்னிடம்தானே கேட்பார்கள். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நல்ல இயந்திரம், 6 அடி சுழல் கலப்பை. லொறியில் ஏற்றி அனுப்பி, நானும் கூடவே போனேன். வீதியிலிருந்து வயலுக்குப் போகிற வழியில் ஒரு வாய்க்கால், அதன்மேல் சின்ன மதகு. மதகின் அகலம் ஐந்தரை அடி. கலப்பையைக் கழற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோனோம். இயந்திரம் ஒரு விரல்கடை இடைவெளியில் ஊர்ந்து போனது. உள்ளே போனால் நான்கரை ஏக்கர், பதினாறு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் திரும்ப இடமில்லாமல் வரம்பு உடைந்தது. பக்கத்து வயல்காரரின் வரம்பும் உடைந்தது. மச்சான் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னாள். இரண்டு போகத்தில் அதை விற்றோம். நட்டத்தில் பாதியை நான் ஏற்றேன். இந்த வகை இயந்திரங்களின் முழு அகலம் ஐந்தரை அடியைத் தொடும். 25 குதிரைவலுக்குள் வருகிற சிறிய நான்கு சக்கரம் நாலடிக்குள் அடங்கும். லாண்ட்மாஸ்டரைக் கட்டுப் பாதையில் நடத்திக்கொண்டே போகலாம். அன்றிலிருந்து யார் வந்து இயந்திரம் கேட்டாலும் முதலில் மதகின் அகலத்தைத்தான் கேட்கிறேன்.

அந்தச் சிறிய நான்கு சக்கரம் யாருக்கு? பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு. தென்னைக்கு நடுவே ஊடுபயிர் செய்கிறவருக்கு. மாந்தோட்டம், மிளகாய், நிலக்கடலை என்று வருடம் முழுக்க மேட்டு வேலை இருப்பவருக்கு. நடக்க இயலாத, ஆனால் தானே ஓட்ட விரும்புகிற வயதானவருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வகையாகப் பார்க்க வேண்டும். எடை ஒரு தொன்னை ஒட்டியிருக்கும், வயலிலும் அவ்வளவாகத் தாழாது. ஜப்பானில் ஓடிய பழைய இயந்திரம் ஒன்று மலிவாகக் கிடைத்து, அதை வாங்கும் எண்ணம் வந்தால், அதன் பின் இணைப்பு நம்மிடம் கிடைக்கும் கருவிகளுக்குப் பொருந்துமா என்று கருவியைப் பூட்டியே பாருங்கள். உதிரிப்பாகத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டு பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்குங்கள். மூவரும் 'எடுப்பித்துத் தரலாம்' என்றால் வாங்காதீர்கள். நடவு நேரத்தில் எடுப்பித்துத் தருவது என்றால் அறுவடைக்கு வரும் என்று பொருள். மாசி ஃபெர்குசன் போன்ற பழைய ரகங்கள் இன்னும் விலை போவதற்குக் காரணம், எந்த ஊர் கராஜிலும் அதன் வயிற்றைத் திறந்து பார்த்த ஒருவர் இருப்பார் என்பதுதான்.

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிப் பலர் மறந்துவிடுகிறார்கள். லாண்ட்மாஸ்டருக்கு ஜி1 வகுப்பு, நான்கு சக்கரத்துக்கு ஜி. வீதியில் ஏற்றும் முன் உங்கள் பத்திரத்தில் அந்த வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் சாமான் ஏற்றுகிற பெட்டி பூட்டி இரவில் வருவதாக இருந்தால் பின்னுக்கு ஒளித்தட்டு ஒட்டாமல் ஏ9 வீதிப்பக்கம் போகவே வேண்டாம். எத்தனை மரணச் செய்திகள் பார்த்துவிட்டோம்.

பெரியதை வாங்கி மற்றவர்களுக்கும் வாடகைக்கு உழலாமே என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது கமம் அல்ல, தனித் தொழில். அதற்கு முழுநேரச் சாரதி வேண்டும், கடன் சொல்கிறவர்களிடம் காசு வாங்கத் தெரிந்த ஆள் வேண்டும், நடுச்சாமத்தில் பெல்ட் அறுந்தால் ஓடிப்போக ஒருவர் வேண்டும். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியில் நடத்துகிற தொழில் அல்ல. தவிர, வாடகைக்கு ஓடுகிற இயந்திரம் முதல் மழையன்று எங்கே நிற்கும் தெரியுமா? இருபது ஏக்கர்க்காரனின் வயலில். சித்தப்பா பழையபடி காத்திருப்பார், இந்த முறை சொந்த இயந்திரத்துக்காக.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: சித்தப்பாவோ கூட இருக்கும் பொடியனோ நடந்து ஓட்டத் தயாரென்றால் லாண்ட்மாஸ்டரும் பெட்டியும் வாங்குங்கள், முதல் உழவுக்கு மழைக்கு முன்பே பெரியதை வாடகைக்குப் பேசுங்கள். ஒருவரும் நடக்கத் தயாரில்லையென்றால் இந்தப் போகத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். வாடகைக்காரருக்கு ஆவணியிலேயே அரைப் பணத்தைக் கொடுத்து நாளைப் பிடியுங்கள். எத்தனை நாள் பிந்தினார், எத்தனை மணித்தியாலம் ஓடினார் என்று சித்தப்பாவைக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 25 குதிரைவலு பற்றி அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

இந்த வார இறுதியில் ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வீதியிலிருந்து வயல் வரை குறுகலான இடம் எத்தனை அடி, வயல் எத்தனை துண்டு, ஆகச் சிறிய துண்டின் நீள அகலம் என்ன, மாரியில் கால் எவ்வளவு ஆழம் புதையும், சித்தப்பாவுக்கு என்ன வயது: இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள். லீசிங்காரருக்கு முற்பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.